பக்கத்துக் காம்பராவிலும் கேட்கிற ரேடியோ

பெரகல சந்தியில் பனி இறங்கிவிட்டால் அப்புத்தளைக்கு ஏறும் வீதி எது, கொஸ்லந்தைக்குப் போகும் வீதி எது என்று பழகியவர்களுக்கே சந்தேகம் வரும். அப்படி ஒரு மாலையில், மழைக்கு ஒதுங்கி நின்ற கடையில் ஒரு தம்பி கேட்டார். "அண்ணே, டுபாயிலிருந்து மச்சான் ஒரு ஸ்கேனர் அனுப்புறேன்னு சொல்றார். பொலிஸ் பேசுறது, டிசாஸ்டர்காரங்க பேசுறது எல்லாம் அதுல விழுமாமே. அதை நம்ம காம்பராவுல வச்சு, லயத்துல எல்லாக் காம்பராவுக்கும் வயர் இழுத்து ஸ்பீக்கர் வைக்கலாம்னு பாக்குறேன். மண்சரிவுன்னா முன்னாடியே தெரிஞ்சிடும்தானே?"

விளையாட்டுக்குக் கேட்ட கேள்வி இல்லை. பெரகலயிலிருந்து வெல்லவாய வீதியில் கொஸ்லந்தைப் பக்கம் போனால் மீரியபெத்த வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. இவ்வளவையும் பார்த்த பிறகு மழை இரவில் யாருக்குத் தூக்கம் வரும்? அந்தத் தம்பியின் பயம் நியாயமானது. அவர் தேர்ந்தெடுத்த சாமான்தான் சரியில்லை.

ஸ்கேனர் என்பது ஒன்றன்பின் ஒன்றாகப் பல அலைவரிசைகளைத் தேடி, பேச்சு கேட்கும் இடத்தில் நிற்கும் ரேடியோ. பேச்சு முடிந்ததும் அடுத்ததற்குத் தாவிவிடும். அதனால் அதில் பெரும்பாலும் பாதிப் பேச்சுதான் கிடைக்கும். யாரோ ஒருவர் 'ரோட்டை மூடு' என்கிறார். எந்த ரோட்டை என்பது அடுத்த வாக்கியத்தில் இருந்திருக்கும், அதற்குள் பெட்டி வேறெங்கோ போயிருக்கும். கேட்பதும் பெரும்பாலும் சிங்களத்தில், அதுவும் உத்தியோகத்தர்களின் குறுக்குச் சொற்களில். மலை நாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த அலைகள் மலையை ஊடுருவிப் போவதில்லை. பெரகல விளிம்பில் நின்றால் தெற்குச் சமவெளியின் தூரத்து நிலையம்கூடக் கேட்கலாம், மலைக்குப் பின்னால் இருக்கும் லயத்தில் பக்கத்து ஊர் கேட்காமல் போகலாம்.

இனி சட்டம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி, பொதுமக்களுக்கென்று ஒலிபரப்பப்படாத செய்தியை வேண்டுமென்றே இடைமறித்து அறிவது குற்றம். எப்.எம். ஒலிபரப்பு எல்லாருக்கும் உரியது. பொலிஸ் பேச்சு அப்படியல்ல. தனியாகக் கேட்டாலே சிக்கல் என்றால், ஸ்பீக்கர் வைத்து முழு லயத்துக்கும் போட்டுக்காட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேசவும் செய்கிற வோக்கிடோக்கியை அனுமதிப்பத்திரமில்லாமல் இயக்குவது தனிக் குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் இப்படியான ரேடியோச் சாதனத்தைச் சுங்கம் நிறுத்தி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி எங்கே என்று கேட்கக்கூடும். ஆகவே மச்சான் காசு கொடுக்கும் முன்பே ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. யுத்த காலத்தில் ஒரு தமிழ் இளைஞனின் கையில் இப்படியொரு பெட்டி இருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

பாதியாய்க் கேட்டதை வாட்சப் குழுவில் போடுவது அடுத்த ஆபத்து. 'அணை உடைந்ததாம்' என்று ஒரு வரி போதும், இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி விழுந்து காலை உடைத்துக்கொள்வார்கள். பொய்ச் செய்தி பரப்புவதைத் தண்டிக்க 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் அது இருக்கிறது.

அப்படியென்றால் எல்லாக் காம்பராவிலும் கேட்பது எப்படி? பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. முதல் காம்பராவில் பாட்டுப் போட்டால் கடைசிக் காம்பராவில் தாளம் போடுவார்கள். அந்தரங்கம் என்பதையே நமக்கு இல்லாமல் செய்த அந்தச் சுவர், இந்த ஒரு விடயத்தில் மட்டும் உதவுகிறது. சுவர் முழுதாக எழுப்பப்பட்ட வீடு என்றால், வயர் இழுப்பதைவிடப் பட்டரியில் ஓடும் சாதாரண ரேடியோ இரண்டு மூன்று வாங்கி வெவ்வேறு காம்பராக்களில் ஒரே நிலையத்தில் வைத்துவிடுங்கள். ஒலிபரப்பு என்பதே எல்லா அறைக்குமாகத்தானே வருகிறது. கரண்ட் போனாலும், போன் கோபுரம் விழுந்தாலும், நிலையம் ஒலிபரப்பும்வரை பட்டரி ரேடியோ வேலை செய்யும்.

ஒரே ரேடியோவின் சத்தத்தை அடுத்த அறைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் வயர் இழுக்கலாம், கவனமாக. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் சுமை 4 ஓமுக்கு இறங்கும். நாலைந்து சேர்த்தால் சின்ன ரேடியோவின் உள்ளே இருப்பது எரிந்துவிடலாம். ஸ்பீக்கர் வயரைக் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டவே கூடாது. ஈரத் தகரக் கூரையில் வயரின் தோல் உரிந்தால் முழு லயத்துக்கும் ஷொக் அடிக்கும். வெளியே ஏரியல் கம்பி கட்டியிருந்தால் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி தொடங்கும் முன் கழற்றிவிடுங்கள். கடையில் கிடைக்கிற குட்டி எப்.எம். டிரான்ஸ்மிட்டரால் லயத்துக்கே ஒரு நிலையம் நடத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் அனுமதிப்பத்திரம் கேட்கும் வேலை.

ரேடியோவில் நேசமுள்ள பிள்ளைகளுக்கு நேர்வழி ஒன்று உண்டு. தொலைத்தொடர்புகள் ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்தால் அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் பெறலாம். 2004 சுனாமியில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே செய்தித் தொடர்பை ஏற்படுத்தியவர்கள் விக்டர் குணதிலக போன்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள்தான். தோட்டப் பாடசாலைகளில் இப்படி ஒரு கழகம் ஏன் இருக்கக்கூடாது என்று நான் நெடுநாளாக யோசிப்பதுண்டு.

ஆனால் எச்சரிக்கையை நாம் ஏன் ஒட்டுக்கேட்க வேண்டும்? அது நமக்குச் சேர வேண்டியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படியாக வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள், செம்மஞ்சள் என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் முதல் படி, 100 ஆனால் இரண்டாவது, 150 ஆனால் மூன்றாவது. ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் மூன்றாவதுதான். இதை நீங்களே அளக்கலாம். பக்கம் நேராக இருக்கிற தகர டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, பாடசாலை அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். ஏழரைச் சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அதுதான் 75 மில்லிமீற்றர். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய அல்லது வற்றிப்போன ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் டின் நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள்.

எச்சரிக்கை தமிழில் வரவில்லை என்றால் அது உரிமை மீறல். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

ஆனால் மீரியபெத்தவில் எச்சரிக்கை வராமலில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. போவதற்குத் துண்டு நிலம் இல்லாதவரிடம் 'போ' என்று சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும் அந்தக் குறை தீராது. அதற்கு வேறு கருவி வேண்டும், அது கையிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச செயலகத்திடமோ கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமோ கேளுங்கள்: எங்கள் லயம் ஆபத்து வலயத்தில் இருக்கிறதா, கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், இடம் மாற்றும் பட்டியலில் எங்கள் பெயர் எங்கே? விண்ணப்பிக்கக் காசு இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கமாக 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்பவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள். உயிரோடு சம்பந்தப்பட்டது என்ற அந்த வரியை விண்ணப்பத்தின் தலையிலேயே எழுதுங்கள்.

இதையெல்லாம் சொன்னபோது அந்தத் தம்பி கொஞ்சம் முகம் வாடித்தான் போனார். பிறகு மச்சானுக்குப் போன் எடுத்து, ஸ்கேனர் வேண்டாம், பட்டரி ரேடியோ மூன்று அனுப்பச் சொன்னார். ஒன்று அவர் காம்பராவுக்கு, ஒன்று லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கும் பாட்டிக்கு. மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். இரவில் முழித்திருக்கப் போவது யார் என்று லயத்தில் பேசி முடிவெடுத்த பிறகு, அவருக்கு என்றார்.