டிரான்சிட் விசா: தெரிந்திருக்க வேண்டியது யார்?

சென்னீர்குப்பத்தில் இருந்து கிளம்பி, பூந்தமல்லி நெரிசலைத் தாண்டி மீனம்பாக்கம் போய்ச் சேர்வதே பாதிப் பயணம். அதற்குப் பிறகு செக்-இன் கவுன்டரில், "டிரான்சிட் விசா எங்கே சார்?" என்று கேட்டால்? டிக்கெட் கையில் இருக்கிறது, போகிற நாட்டு விசாவும் இருக்கிறது. வழியில் விமானம் மாறும் ஊருக்கும் விசா வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது யார்?

ஒப்பந்தத்தைப் பார்த்தால் பதில் பயணிக்குச் சாதகமாக இல்லை. பெரும்பாலான விமான நிறுவனங்களின் பயண நிபந்தனைகளில் 13ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். போகும் நாட்டுக்கும் வழியில் உள்ள நாட்டுக்கும் வேண்டிய ஆவணங்களைப் பெறுவது பயணியின் பொறுப்பு. அவை இல்லாவிட்டால் ஏற்ற மறுக்கலாம். நிறுவனத்துக்கு அபராதம் விழுந்தால் அதையும் பயணியிடம் வசூலிக்கலாம். டிக்கெட் போடும்போது படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் அடிக்கிறோமே, அதற்குள் இதெல்லாம் அடக்கம்.

அப்புறம் ஏன் கவுன்டரில் அவ்வளவு துருவுகிறார்கள்? நம் மேல் உள்ள அக்கறையால் அல்ல. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 9ஆவது இணைப்பு, பயணியின் ஆவணங்களைப் புறப்படும் இடத்திலேயே சரிபார்க்கும் வேலையை விமான நிறுவனத்தின் தலையில் வைத்திருக்கிறது. தவறினால் அபராதம். ஊழியர் கணினியில் தட்டிப் பார்ப்பது ஐயாட்டா அமைப்பின் 'டிமாடிக்' என்ற விதித் தொகுப்பை. அது காட்டும் பதிலைத் தாண்டி அவர் ஏற்றமாட்டார்.

இந்த அபராத முறைக்குப் பின்னால் ஒரு தமிழ்க் கதை உண்டு. எண்பதுகளில் இலங்கைத் தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, டிரான்சிட் விசாவில் நகரைக் கடந்து மேற்கு பெர்லினுக்குள் போய் அடைக்கலம் கேட்டார்கள். மேற்கு ஜெர்மனி நெருக்கியது. அந்நாட்டு விசா இல்லாத இலங்கையருக்கு டிரான்சிட் விசா தருவதை 1985இல் கிழக்கு ஜெர்மனி நிறுத்தியது. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவில் வந்திறங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் ஓடுதளத்தருகே ஆடைகளைக் களைந்து எதிர்த்தார்கள். சில வாரங்களிலேயே பிரிட்டிஷ் அரசு மசோதா கொண்டுவந்தது. உரிய ஆவணம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனம் 1,000 பவுண்டு கட்ட வேண்டும் என்றானது. 1991இல் அது 2,000 ஆனது. 1993இல் டிரான்சிட் விசாவும் சட்டத்தில் ஏறியது. இந்தியாவும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பயணிக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்தது. அதன் இடத்தில் வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நிறுவனங்களின் பொறுப்பு தொடர்கிறது. அகதியைத் தடுக்கப் போட்ட வேலிதான் இன்று பேரனைப் பார்க்கப் போகும் பாட்டியையும் நிறுத்துகிறது.

விதிகளும் லேசில் பிடிபடுவதில்லை. சென்னையிலிருந்து லண்டன் போகும் அதே விமானத்தில் இருவர் ஏறுகிறார்கள், இருவரிடமும் இந்தியப் பாஸ்போர்ட். செல்லுபடியாகும் கனடா விசா வைத்திருப்பவர் லண்டனில் விமானம் மாற டிரான்சிட் விசா தேவையில்லை. அப்படி எந்த விலக்கும் இல்லாமல் நைஜீரியாவின் லாகோஸுக்கு வேலைக்குப் போகிறவருக்குத் தேவை. அமெரிக்கா இன்னும் கறார்: 2003 ஆகஸ்டில் விசா இல்லா டிரான்சிட்டை நிறுத்திவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து மெக்சிகோவுக்கு இயந்திரம் பொருத்தப் போகும் ஃபிட்டர், அமெரிக்கா வழியாகப் போனால் அங்கே விமானத்தை மட்டும் மாற்றவும் விசா எடுத்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் விட ஏமாற்றுவது, மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனி டிக்கெட்டாகப் போடுவது. பெட்டி கடைசி ஊர்வரை போகாது. இடையில் இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே வந்து எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அப்போது அது டிரான்சிட்டே அல்ல, அந்த நாட்டுக்குள் நுழைவது. சிங்கப்பூரில் அப்படி மாறுவதானால், நிபந்தனைக்குட்பட்ட சில விலக்குகள் நீங்கலாக, நுழைவு விசாவே வேண்டும்.

ஆவணக் குறையால் ஏற்ற மறுத்தால், ஓவர்புக்கிங்குக்குக் கிடைப்பது போன்ற இழப்பீடு கிடைக்காது. ஆனால் ஆவணம் சரியாக இருந்தும் நிறுவனம் தவறாக மறுத்தால் கதை வேறு. ப்ளூ ஏர் நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020இல் சொன்னது இதுதான்: ஆவணம் போதவில்லை என்று நிறுவனம் சொல்வதே முடிந்த முடிவு அல்ல, நீதிமன்றம் அதைச் சரிபார்க்கலாம்.

இணையத்தில் தானே டிக்கெட் போட்டவர் தானே விசாரித்திருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு வழியை வகுத்துக் கொடுத்த ஏஜென்ட், "அது உங்கள் பொறுப்பு" என்று நழுவுவது நியாயமல்ல. வழியைத் தேர்ந்தவர் அவர். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது சேவைக் குறைபாடு என்று வாதாட இடமுண்டு. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னீர்குப்பத்தாருக்கு அது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசிப் பார்க்கலாம்.

வழக்கு நிற்க வேண்டுமானால் எழுத்து வேண்டும். ஆகவே பணம் கட்டும் முன், "என் பாஸ்போர்ட்டுக்கு இந்த வழியில் டிரான்சிட் விசா வேண்டுமா? பெட்டி கடைசி ஊர்வரை போகுமா?" என்று ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்திலும் ஒருமுறை பாருங்கள். ஏஜென்ட் அனுப்பும் பதிலை, ஊர் திரும்பும்வரை அழிக்காதீர்கள்.