உங்களுக்குத் தெரியுமா? கார் நிறுத்த இடம் போனால் கடை படுத்துவிடுமா?

கனடாவின் டொரன்டோ நகரில் புளூர் தெரு என்றால் கடைத்தெரு. 2016 ஆகஸ்டில் அங்கே சுமார் இரண்டரை கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போட்டார்கள். நடைபாதையை ஒட்டி சைக்கிள், அதற்கு அடுத்து பிளாஸ்டிக் கம்பங்கள், அப்புறம்தான் வண்டிகள். இதற்காகச் சாலையோரப் பார்க்கிங்கில் 136 இடங்கள் போயின. வியாபாரிகள் பதறினார்கள். "கார் நிறுத்த இடமில்லையென்றால் யார் வருவார்கள்?"

பயம் நியாயமானதுதான், கணக்குதான் இடித்தது. அதே தெருவில் 2009-ல் வெளியான ஆய்வின்படி காரில் வந்தவர்கள் பத்துப் பேரில் ஒருவர்தான். மற்றவர்கள் நடந்தோ, ரயிலிலோ, சைக்கிளிலோ வந்தவர்கள். கடைக்காரர்கள் நினைத்திருந்தது இதைவிட அதிகம். போதாததற்கு, ஒரு கார் நிற்கும் இடத்தில் சுமார் பத்து சைக்கிள்களை நிறுத்தலாம்.

பாதை வந்தபின் கார்டு பரிவர்த்தனைகளை மாநகராட்சி ஆராய்ந்தது. அந்தப் பகுதியில் வாடிக்கையாளர் செலவு 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. பாதைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; வியாபாரம் கெட்டுவிடவில்லை என்று சொல்லலாம். சரக்கு இறக்கும் லாரி எங்கே நிற்பது என்ற குறை மட்டும் உண்மையானது, அதற்குத் தனி இடம் ஒதுக்கத்தான் வேண்டும்.

2017 நவம்பரில் பாதை நிரந்தரமானது. 2024-ல் அதை அகற்ற ஒன்ராறியோ மாகாண அரசு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது.