எழுதும் முன் டிஸ்க்குகளைப் பாருங்கள்

கரமனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நாகர்கோவிலில் பிறந்து, பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து இங்கேயே தங்கிவிட்டவள். கைதவறி விழுந்த ஹார்ட் டிஸ்க், துலாவர்ஷத்து இடிமின்னலில் போன ஹார்ட் டிஸ்க் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அவற்றைவிட என்னை வருத்துவது, ஒரு பழுதும் இல்லாமல் வந்து சேரும் டிஸ்க்குகள். அவை நன்றாகச் சுழலும். உள்ளே இருந்ததுதான் இருக்காது. ஒற்றை வரி கமாண்ட் தவறான டிஸ்க்கில் போய் விழுந்திருக்கும்.

அப்படி ஒரு டிஸ்க்கோடு ஒரு கல்லூரிப் பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். "அக்கா, பென் டிரைவுல லினக்ஸ் ஏத்தத்தான் பாத்தேன். அண்ணன் கல்யாண போட்டோ வச்சிருந்த டிஸ்க்குல ஏறிட்டு" என்றான். அம்மா கேட்டது ஒன்றுதான்: "கொஞ்சமாவது கெடைக்குமா, மக்ளே?"

அவன் செய்தது இதுதான். யாரோ ஒரு வீடியோவில் காட்டிய வரியை எழுத்து மாறாமல் தட்டியிருக்கிறான். அந்த வரியில் இருந்தது டிடி என்ற கமாண்ட். ஒரு கோப்பை எடுத்து, நாம் சொல்லும் டிஸ்க்கின் முதல் பைட்டிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டே போவது அதன் வேலை. அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அது பார்க்காது. 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. வீடியோ போட்டவரின் கம்ப்யூட்டரில் பென் டிரைவுக்கு எஸ்டிஏ என்று பெயர். இவனுடையதில் அந்தப் பெயர் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குக்குப் போயிருந்தது. பென் டிரைவ் எஸ்டிபி ஆகியிருந்தது.

இந்த ஊர்ப் பிள்ளைகள் இப்படியெல்லாம் துணிந்து முயன்று பார்க்கக் காரணம் உண்டு. 2001 ஜூலை 20 அன்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது இதே திருவனந்தபுரத்தில்தான். அதே ஆண்டு கேரள அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பிறந்தது. பிறகு அரசுப் பள்ளிகள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. அந்தத் திட்டம் 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. தலைமையகம் எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே, பூஜப்புரையில். உபுண்டுவை அடிப்படையாக வைத்து அவர்களே பள்ளிகளுக்கென்று லினக்ஸ் தயாரித்து வெளியிடுகிறார்கள். தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஐ.சி.டி. பாடநூல் தமிழிலேயே கிடைக்கிறது. கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்வது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சாதாரணம். எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பையனையும் நான் திட்டவில்லை. எழுதும் முன் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பார்ப்பதற்கு ஒரு கமாண்ட் போதும். கன்ட்ரோல், ஆல்ட், டி (டெர்மினலின் முதலெழுத்து) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். அதில் எல், எஸ், பி (ஏக்கு அடுத்த எழுத்து), எல், கே என்று ஐந்து சிறிய எழுத்துகளை இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்காது. டிஸ்க்கில் எதையும் எழுதாது; கெர்னல் ஏற்கெனவே கண்டுவைத்திருக்கும் சேமிப்புக் கருவிகளை மட்டும் பட்டியலிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் பயமில்லாமல் தட்டலாம். பையனின் லேப்டாப்பில் அதைத் தட்டியபோது வந்த பட்டியலில் முக்கியமான மூன்று வரிகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

என்விஎம்இ0என்1 … 0 … 476.9ஜி … டிஸ்க்
எஸ்டிஏ … 0 … 931.5ஜி … டிஸ்க்
எஸ்டிபி … 1 … 28.9ஜி … டிஸ்க்

முதல் வரி லேப்டாப்புக்குள் இருக்கும் எஸ்எஸ்டி. அடுத்தது கல்யாணப் போட்டோ இருந்த டிஸ்க். மூன்றாவது பென் டிரைவ். ஒவ்வொன்றின் கீழும் கிளை பிரிந்து அதன் பார்ட்டிஷன்கள் வரும். கடைசி நெடுவரிசையில் அது எந்த ஃபோல்டரில் மவுண்ட் ஆகியிருக்கிறது என்று காட்டும். அளவைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? 1 டெராபைட் என்று சொல்லி விற்றது ஏன் 931.5 என்று கடையில் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறான், இந்தக் கமாண்ட் 1024ஆகக் கணக்கிடுகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஆர்எம் என்ற மூன்றாவது நெடுவரிசையில் 0, 1 என்று இருக்கிறதே, அதை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். 1 என்றால் கழற்றக்கூடியது என்று பொருள். பென் டிரைவுக்கு பெரும்பாலும் 1 வரும். ஆனால் யூஎஸ்பி கேபிளில் தொங்கும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு சாதாரணமாக 0தான் வரும். கையால் பிடுங்கி எடுக்கும் டிஸ்க்காயிற்றே, 0 என்றால் உள்ளே இருப்பதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பெயர் விஷயம் இதைவிடப் பெரியது. சாட்டா டிஸ்க், யூஎஸ்பி டிஸ்க் இரண்டையும் லினக்ஸ் பழைய ஸ்கஸி ஏற்பாட்டின் வழியாகவே கையாள்கிறது. எஸ்டி என்ற முன்னெழுத்துகள் அங்கிருந்து வந்தவை. முதலில் கண்ணில் பட்டதற்கு ஏ, அடுத்ததற்கு பி. ஆஸ்பத்திரி ஓ.பி. டோக்கன் மாதிரிதான். நேற்று 3 வாங்கியவர் இன்று 7 வாங்குவார், ஆள் அதே ஆள். கேபிளைக் கழற்றி மாட்டினாலோ கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலோ எஸ்டிஏ எஸ்டிபி ஆகலாம். அதனால் அந்த மூன்றெழுத்தை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

மாறாதது சீரியல் நம்பர். அதே ஐந்தெழுத்தை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் 'ஓ' எழுத்தும் போட்டு, பிறகு நேம், சைஸ், மாடல், சீரியல், ட்ரான் என்ற ஆங்கிலச் சொற்களை இடையில் இடமில்லாமல் காற்புள்ளியால் மட்டும் பிரித்துக் கொடுங்கள். மாடலும் சீரியலும் வந்து நிற்கும். ட்ரான் என்ற நெடுவரிசை அது யூஎஸ்பி வழியா, சாட்டா வழியா, என்விஎம்இ வழியா வந்தது என்று சொல்லும். டிஸ்க்கின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு சீரியலை ஒப்பிட்டுப் பார்ப்பேன். சில யூஎஸ்பி பெட்டிகள் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் சீரியலை மறைத்துத் தங்களுடையதைக் காட்டும். அப்போது மாடலையும் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழுது என்ன என்று பிரித்தறியவும் எனக்கு முதலில் கைகொடுப்பது இந்தப் பட்டியல்தான். டிஸ்க் திறக்கவில்லை என்று கொண்டுவருவார்கள். பட்டியலில் சரியான அளவோடு வந்துவிட்டால் பாதி நிம்மதி. பெரும்பாலும் பார்ட்டிஷனோ ஃபைல் சிஸ்டமோதான் கெட்டிருக்கும். பட்டியலிலேயே இல்லையென்றால் கேபிள், போர்ட், டிஸ்க்கின் சர்க்யூட் என்று தேட வேண்டும். டிஎஃப் என்ற கமாண்டில் தேடுபவர்களும் இருக்கிறார்கள். அது மவுண்ட் ஆனவற்றை மட்டுமே காட்டும்; திறக்காத டிஸ்க் அதில் வரவே வராது. போனை மாட்டினேன், பட்டியலில் காணோமே என்பார்கள். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் எம்டிபி வழியாகக் கோப்புகளை மட்டும் கொடுக்கின்றன, டிஸ்க்காகத் தங்களைக் காட்டிக்கொள்வதில்லை. உபுண்டுவில் லூப் என்று நீளமாக வரும் வரிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை ஸ்னாப் செயலிகளின் கோப்புகள்.

விண்டோஸில் டிஸ்க்பார்ட் திறந்து 'லிஸ்ட் டிஸ்க்' என்று தட்டலாம். மேக்கில் 'டிஸ்க்யூடில் லிஸ்ட்'. எந்தக் கம்ப்யூட்டரானாலும் வழக்கம் ஒன்றுதான்.

பையனின் டிஸ்க்கிலிருந்து முதலில் வேறொரு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுத்தேன், தேடியதெல்லாம் பிரதியில்தான். அவன் எழுதிய லினக்ஸ் கோப்பு 6 ஜிபி அளவு. பார்ட்டிஷன் விவரம் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருப்பது. என்டிஎஃப்எஸ் தன் கோப்புப் பட்டியலைப் பெரும்பாலும் பார்ட்டிஷனின் 3 ஜிபி தூரத்தில் தொடங்கும். இரண்டின் மேலும் லினக்ஸ் ஏறிவிட்டிருந்தது. மீதி இடத்தில் போட்டோக்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரே மாதிரியான பைட்டுகளோடு தொடங்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அந்தத் தொடக்கங்களைத் தேடித் தேடிப் படங்களை எடுத்தது. பெரும்பாலானவை கிடைத்தன, பெயரும் ஃபோல்டரும் இல்லாமல். லினக்ஸ் ஏறிய இடத்தில் இருந்தவை கிடைக்கவில்லை. இனி எவராலும் அவற்றை எடுக்க முடியாது.

லினக்ஸ் போடச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களையும், பள்ளிகளில் இயங்கும் லிட்டில் கைட்ஸ் கணினிக் குழுக்களில் இருக்கும் பிள்ளைகளையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிடி கமாண்டைக் காட்டும் முன் இந்தப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள், படித்துச் சொல்லாதவர்களை அடுத்த வரிக்கு விடாதீர்கள். வீட்டில் தனியாகச் செய்பவர்கள் பென் டிரைவை மாட்டும் முன் ஒரு தடவை பட்டியல் எடுங்கள், மாட்டிய பின் ஒரு தடவை எடுங்கள். புதிதாக வந்து சேர்ந்த வரிதான் உங்கள் பென் டிரைவ். அளவும் மாடலும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். வேலை முடியும்வரை வீட்டுப் போட்டோ இருக்கும் வெளி டிஸ்க்குகளைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள்.