விண்டோஸில் வரும் நெட், லினக்ஸில் வரவில்லையா? கடைக்கு ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள்!

காலையில் விண்டோஸில் யூடியூப் தடங்கலில்லாமல் ஓடியது. சாயங்காலம் அதே லேப்டாப்பை லினக்ஸில் திறந்தால், வைஃபை பெயர் ஒன்றுகூட வரவில்லை. ‘வைஃபை கார்டு போயிடுச்சுபோல’ என்று முடிவுகட்டி, ஆலங்குடியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பல நேரங்களில் கார்டில் கோளாறே இருக்காது.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியது. அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. ஒரே கம்ப்யூட்டரில் இப்படி இரண்டு இயங்குதளங்கள் இருப்பதுதான் ‘டூயல் பூட்’. அக்கா வாங்கிய லேப்டாப்பில் இன்று தம்பி படிக்கும் வீடுகள் ஏராளம்.

முதல் சோதனை இலவசம்

நெட் போனதும் மொபைலை அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். மொபைலிலும் வரவில்லையென்றால் கோளாறு மோடத்திலோ லைனிலோ இருக்கிறது. மொபைலில் வந்தால், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து இன்னொரு இயங்குதளத்தில் திறந்து பாருங்கள். அதில் நெட் வருகிறதா? அப்படியென்றால் கார்டு நன்றாக இருக்கிறது. பிரச்னை மென்பொருளில்தான்.

தூங்கும் விண்டோஸ்

விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. பாதித் தூக்கத்துக்குப் போய்விடும். சில லேப்டாப்களில் அப்போது வைஃபை கார்டும் தூங்கிவிடும். பிறகு லினக்ஸைத் திறந்தால், அதனால் கார்டை எழுப்ப முடியாது.

கண்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ போய், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டு’ என்பதைத் திறந்து, ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய்யுங்கள். டிக் மங்கலாகத் தெரிந்தால், மேலே உள்ள ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ வரியை முதலில் அழுத்த வேண்டும். இனி விண்டோஸ் திறக்கச் சில நொடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான். அவசரத்துக்கு, ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் போனாலே பெரும்பாலும் போதும். விண்டோஸ் 7 உள்ள பழைய லேப்டாப்களில் இந்தத் தொல்லை கிடையாது.

டிரைவர் இல்லையா?

லினக்ஸைப் புதிதாக நிறுவியபின் நெட் வரவேயில்லை என்றால், அந்த கார்டுக்கான டிரைவர் இல்லாமலிருக்கலாம். ‘டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும்’ என்ற சிக்கலுக்கு உங்கள் மொபைலே தீர்வு. சார்ஜர் கேபிளால் மொபைலை லேப்டாப்பில் இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் ‘யு.எஸ்.பி டெதரிங்’கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் உடனே நெட் வந்துவிடும். அதை வைத்து அப்டேட் செய்து, டிரைவரை நிறுவிக்கொள்ளலாம்.

கடிகாரமும் காரணம்

வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால், ‘பாதுகாப்பற்றது’ என்று சொல்லி எந்தத் தளமும் திறக்கவில்லையா? தேதியைப் பாருங்கள். லேப்டாப்புக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் ஆண்டே பின்னால் போய்விடும்; தளங்களும் திறக்க மறுக்கும். தேதியைச் சரிசெய்தால் போதும். அடிக்கடி மாறினால் பேட்டரியை மாற்றுங்கள். நேரம் மட்டும் சரியாக 5.30 மணி நேரம் தள்ளிக் காட்டினால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் இந்திய நேரத்தையும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் கடிகாரத்தில் பதிவதால் வரும் குழப்பம் அது.

எப்போது கடைக்கு?

இரண்டு இயங்குதளத்திலும் வைஃபை தெரியவில்லை, ஏரோப்ளேன் மோடும் ஆஃப், மொபைல் கேபிளில் மட்டும் நெட் வருகிறது என்றால் கார்டைச் சந்தேகிக்கலாம். போனதும் ‘நெட் வரலைங்க’ என்று மட்டும் சொல்லாமல், எதில் வருகிறது, எதில் வரவில்லை என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி, தேவையில்லாமல் புது கார்டு வாங்கும் செலவைத் தவிர்க்கும்.