மரத்தூள் சேகரிப்பு அமைப்பு

மரத்தூள் சேகரிப்பு அமைப்பு என்பது தச்சுப்பட்டறையில் மரத்தை அறுக்கும்போதும் இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் உண்டாகும் தூளை, அது அறையில் பரவும் முன்னரே உறிஞ்சிப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு ஆகும். விசிறி, குழாய்கள், பிரிப்பான், வடிகட்டி ஆகியன இதன் முதன்மை உறுப்புகள். தொழிற்சாலைகளுக்கு உரியதாக இருந்த இவ்வமைப்பு, ஐக்கிய அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் மகிழுந்துக் கொட்டகையிலோ நிலவறையிலோ பொழுதுபோக்காகத் தச்சுவேலை செய்வோரிடமும் பரவியுள்ளது. இக்கட்டுரை அத்தகைய வீட்டுப் பட்டறைகளைப் பற்றியது.

தேவை

தரையில் குவியும் சீவலைப் பெருக்கி அள்ளிவிடலாம். உடல்நலத்துக்குப் பெருந்தீங்கு செய்வது கண்ணுக்குப் புலப்படாத நுண்தூளே. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் மூக்கைக் கடந்து மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடியவை; இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் அவை நெடுநேரம் காற்றில் மிதக்கும்.

இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் பகுதியின் தொழிலாளர்களிடையே அரியவகை மூக்குப் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவர்கள் 1960களில் கண்டறிந்தனர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதற்பிரிவில் சேர்த்தது. இவை பல ஆண்டுகள் தொழிற்சாலைத் தூளில் உழைத்தவர்களைப் பற்றிய முடிவுகள் என்பதைக் கருத்திற் கொள்ளவேண்டும். எனினும் ஒவ்வாமைக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. மேற்கத்தியச் செஞ்சீடர் மரத்தூள் ஆஸ்துமாவையும், தேக்குத்தூள் சிலருக்குத் தோல் அழற்சியையும் உண்டாக்குகின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வுத் தேசிய நிறுவனம் பரிந்துரைக்கும் வேலைநேரச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 1 மில்லிகிராம். 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள கொட்டகையில் 90 கன மீட்டர் காற்று இருக்கும். அதில் 90 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூள் மிதந்தாலே அந்த அளவு எட்டப்பட்டுவிடும்.

திட்டமிடும் முறை

பலரும் குதிரைத்திறனைப் பார்த்து முதலில் விசிறியை வாங்கிவிட்டு, பின்னர் கிடைக்கும் குழாய்களைப் பொருத்துகின்றனர். இது தலைகீழான முறை. தூள் பிறக்கும் இடத்தில் எவ்வளவு காற்று ஓடவேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்பக் குழாயையும், இறுதியாக விசிறியையும் தெரிவுசெய்தல் வேண்டும்.

மரத்தூள் குழாயில் தங்காமல் செல்லக் காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 அடி வேகத்தில் ஓடவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அவ்வேகத்தில் 4 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 கன அடியும், 6 அங்குலக் குழாயில் 785 கன அடியும் காற்று செல்லும். சீவலை அகற்ற முதலாவது போதும். வட்ட ரம்பம் மேலே வீசும் நுண்தூளைப் பிடிக்கப் பெரும்பாலும் போதாது. ஒரே அளவு காற்றுக்கு 6 அங்குலக் குழாயின் உராய்வு, 4 அங்குலக் குழாயினதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. ஆகவே முதன்மைக் குழாயைப் பெரிதாக்குவது விசிறியைப் பெரிதாக்குவதை விட மலிவானது. நெளிவுக் குழாய்களையும் கூர்மையான வளைவுகளையும் இயன்றவரை தவிர்த்தல் நன்று.

ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அடைப்புக்கதவு வைத்து, இயங்கும் இயந்திரத்தின் கதவை மட்டும் திறப்பது வழக்கம். விற்பனையாளர் குறிப்பிடும் காற்றோட்ட அளவு பெரும்பாலும் குழாயும் வடிகட்டியும் இன்றி அளக்கப்பட்டதாகும். நடைமுறையில் அது கணிசமாகக் குறையும். வீட்டுத் துப்புரவு உறிஞ்சிகள் வலுவாக இழுத்தாலும் குறைந்த காற்றையே நகர்த்துவதால், கையில் பிடிக்கும் தேய்ப்புக் கருவிகளுக்கே ஏற்றவை. வட அமெரிக்க வீடுகளின் 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பில் ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறன் விசிறியே இயங்கும். அதற்கு மேல் 240 வோல்ட் இணைப்புத் தேவை.

வடிகட்டல்

விசிறிக்கு முன் வைக்கப்படும் கூம்புவடிவச் சுழற்சிப் பிரிப்பான், சீவலையும் பருந்தூளையும் கீழேயுள்ள கலனில் விழச்செய்து வடிகட்டி விரைவில் அடைபடாமல் காக்கிறது. ஆயினும் நுண்தூளைத் தடுப்பது வடிகட்டியே. மலிவான கருவிகளுடன் வந்த 30 மைக்ரான் துணிப்பைகள் மிகக் கெடுதலானவை: சீவலைப் பிடித்துக்கொண்டு நுண்தூளை அறைக்குள்ளேயே ஊதிவிடும். தரை தூய்மையாகத் தெரிய, மூச்சுக்காற்று மாசடையும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டிகள் சிறந்தவை. ஆனால் விலை மிகுந்தவை.

காற்றை வெளியே விடுவதும் ஒரு தீர்வு. குளிர்காலத்தில் அறையின் வெப்பம் வீணாகும். அதைவிடத் தீவிரமான சிக்கல் ஒன்றுண்டு: மூடிய அறையிலிருந்து காற்றை உறிஞ்சும்போது, அங்குள்ள எரிவாயு நீர்சூடாக்கியின் புகைபோக்கி வழியே கார்பன் மோனாக்சைடு உள்ளே இழுக்கப்படலாம். ஈடுசெய்யும் காற்று நுழைய வழி இருத்தல் கட்டாயம்.

தீ ஆபத்து

நெகிழிக் குழாயில் நிலைமின்னூட்டம் உண்டாகித் தூள் வெடிக்கும் என்ற அச்சம் தச்சர்களிடையே பெரிதாகப் பேசப்படுகிறது. வீட்டளவில் அதைவிட அஞ்சத்தக்கது, விசிறியில் மோதும் ஆணியின் பொறி சேகரிப்புப் பையில் புகைந்து பின்னர் பற்றுவதே. பெரிய ஆலைகளின் நிலை வேறு. 2012இல் கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாவில், பர்ன்ஸ் லேக், பிரின்ஸ் ஜார்ஜ் ஆகிய ஊர்களின் மர ஆலைகளில் நிகழ்ந்த தூள் வெடிப்புகளில் நால்வர் இறந்தனர்.

பராமரிப்பு

வடிகட்டி அடைபட அடைபடக் காற்றோட்டம் குறையும். இதை ஓசையால் கணிப்பது கடினம் என்பதால் சிலர் அழுத்தமானி பொருத்துகின்றனர். கலனைக் காலிசெய்யும்போதும் வடிகட்டியைத் தட்டித் துப்புரவாக்கும்போதும் சேர்த்துவைத்த நுண்தூள் மீண்டும் எழும்; இவற்றை வெளியில், முகக்கவசம் அணிந்து செய்தல் வேண்டும்.