அச்சில்லாத அச்சு

அச்சு என்னும் ஒரே சொல் எங்கள் முள்ளிப்பட்டில் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ஆரணிப் பட்டு நெய்யும் தறியிலே பாவிழைகளை ஒழுங்குபட நிறுத்தி, ஊடையைத் தட்டி நெருக்கும் கருவிக்கு அச்சு என்று பெயர். அடுக்களையில் முறுக்குப் பிழிவதும் அச்சுத்தான். செங்கல் அறுப்போர் கையிலுள்ள மரச்சட்டமும் அச்சே. இவற்றோடு இப்போது புதியதாக ஓர் அச்சு வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டுச் சுவரையே அச்சிடும் இயந்திரம் என்று அதனைச் சொல்லுகிறார்கள். முப்பரிமாண அச்சு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இப்பெயர் நேயர்களைச் சற்று மயங்க வைக்கும். ஏனெனில், அச்சு இல்லாமலே வார்ப்பதுதான் இதன் தனிச்சிறப்பு.

கான்கிரீட் என்பது குழம்பு. அது தானாக நிற்காது. தூண் வேண்டுமானால் தூணின் வடிவில் பெட்டி அடிக்க வேண்டும். தளம் வேண்டுமானால் பலகை பரப்பி, கீழே முட்டுக் கொடுத்து, இறுகும்வரை காத்திருக்க வேண்டும். ஊரில் இதனைச் ‘சென்ட்ரிங்’ என்கிறோம். அந்தப் பலகைக்கும் முட்டுக்கும் கூலிக்கும் ஆகும் செலவு வீட்டில் எஞ்சி நிற்பதில்லை. வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வளைந்த சுவராக இருந்தால் இந்தத் தொல்லை இரண்டு பங்காகும். இச்செலவை எங்ஙனம் ஒழிப்பது என்ற கேள்வியே புதிய இயந்திரத்திற்கு வித்து.

விடை மிகப் பழையது. நம் முன்னோர் மண்சுவர் வைத்த முறையை எண்ணிப் பாருங்கள். பிசைந்த மண்ணை ஒரு சுற்று வைப்பார்கள். அது சற்று உலர்ந்து உறுதிப்படும்வரை பொறுத்து, அதன்மேல் அடுத்த சுற்று வைப்பார்கள். அங்கே பலகையும் இல்லை, முட்டும் இல்லை. கீழே உள்ள மண்ணே மேலே வருவதைத் தாங்குகிறது. இயந்திரம் செய்வதும் இதுவே. இரும்புச் சட்டத்தில் நாற்புறமும் நகரும் ஒரு மூக்கு உண்டு. குழாய் வழியே வரும் கலவையை அம்மூக்கு முறுக்குப் பிழிவதுபோலச் சுவரின் கோட்டில் பிழிந்துகொண்டே செல்கிறது. ஏறத்தாழ ஒரு விரற்கடை உயரமுள்ள ஒரு வரி முடிந்ததும், சற்றே மேலேறி அடுத்த வரியைப் பிழிகிறது.

எல்லா நுட்பமும் பதத்தில் இருக்கிறது. முறுக்கு மாவு இளகினால் உருவம் நில்லாது. இறுகினால் அச்சில் இறங்காது. இக்கலவையின் நிலை இன்னும் கடினமானது. குழாயில் ஓடும்போது இளகியும், மூக்கை விட்டு வெளிவந்த கணத்தில் நிலைத்தும் நிற்க வேண்டும். அடுத்த வரியைச் சுமக்கும் அளவுக்கு விரைவில் உறுதிப்பட வேண்டும். ஆனால், அவ்வரி தன்னோடு ஒட்டாதபடி முற்றும் காய்ந்துவிடவும் கூடாது. காலம் தவறினால் இரண்டு வரிகளுக்கிடையே பிணைப்புக் குறைந்து, அங்கே ஈரம் புகும், விரிசலும் காணும். பாவுக்குக் கஞ்சி போடும்போது வெயிலையும் காற்றையும் பார்த்துக் கைபோடும் எங்கள் ஊராருக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் செய்யும் கலவை வேறு, ஐப்பசி மழையில் செய்யும் கலவை வேறு.

மூக்கு எந்த வழியே செல்ல வேண்டும் என்பதைக் கணிப்பொறி சொல்லுகிறது. வீட்டின் வரைபடத்தை அது அடியிலிருந்து முடிவரை மெல்லிய துண்டுகளாக அறுத்து, ஒரு துண்டுக்கு ஒரு வழி வகுக்கிறது. இதுவும் நமக்குப் புதிதன்று. பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1804-ஆம் ஆண்டளவில் ஜக்கார்டு ஆக்கிய பெட்டி நம் தறிகளின்மேல் ஏறி அமர்ந்திருக்கிறதே, அதில் துளையிட்ட அட்டை ஒவ்வொன்றும் ஓர் ஊடைக்குரிய கட்டளை அன்றோ? அட்டையை மாற்றினால் அன்னம் மயிலாகும். இங்கும் கட்டளையை மாற்றினால் சதுர அறை வட்ட அறையாகும். கூடுதற் செலவு மிகுதியில்லை. தெலங்கானாவில் சித்திபேட்டையைச் சார்ந்த புருகுபல்லியில் 2023-இல் இம்முறையில் ஒரு கோயிலே எழுப்பினார்கள். பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வடிவிலும், அம்மைக்குத் தாமரை வடிவிலும் கருவறை அமைத்தார்கள். கொத்தனாரிடம் சொல்லியிருந்தால் தலையைச் சொறிந்திருப்பார்!

இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவில் உர்ஷெல் என்பவர் சுவர் கட்டும் பொறி ஒன்றுக்கு 1944-இல் காப்புரிமை பெற்றார். 1990-களில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கோஷ்னெவிஸ் என்பவர் கணிப்பொறியோடு அதனை இணைக்கும் வழி கண்டார். நம் நாட்டில் இது காலூன்றிய இடங்களுள் ஒன்று, நம்மைப் போலவே பட்டுக்குப் பேர்பெற்ற காஞ்சிபுரம் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அங்கே லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் 700 சதுர அடியில் மாடியோடு கூடிய கட்டடம் ஒன்றை, 106 மணி நேர அச்சு வேலையில் எழுப்பினர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில், அங்கே பயின்ற இளைஞர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் கட்டிய 600 சதுர அடி வீடு 2021 ஏப்ரல் 27-இல் திறக்கப்பட்டது. பெங்களூர் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் 1,021 சதுர அடி அஞ்சலகம் 43 நாட்களில் முடிந்து, 2023 ஆகஸ்டு 18-இல் திறப்பு விழாக் கண்டது.

ஆனால், 106 மணி நேரம் என்றதும் நான்கரை நாளில் வீடு முடிந்து குடிபுகலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அது மூக்கு ஓடிய நேரம் மட்டுமே. அந்தக் காஞ்சிபுரக் கட்டடத்திலேயே தளங்கள் அச்சிடப்படவில்லை. கடைக்கால் தோண்டுவது, கதவு நிலை வைப்பது, மின்கம்பி இழுப்பது, கூரை போடுவது எல்லாம் மனிதர் கைவேலைதான். கம்பியின் செய்தி தனி. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும்; இழுத்தால் வெடிக்கும். ஆதலால் இரும்புக்கம்பி வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கம்பியோ ஓடும் மூக்குக்கு இடைஞ்சல். இதற்காகச் சுவரை இரண்டு தோலாக, நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பி, அவ்விடத்தில் கம்பி இறக்கிக் கலவை நிரப்புவது ஒரு வழி. வரிகளுக்கிடையே கம்பி வலையைக் கிடத்துவதும் உண்டு. பெரிய ஜல்லி குழாயில் ஓடாதாகையால், கலவையில் சிமெண்டின் பங்கு மிகுகிறது. சிமெண்டைக் குறைக்க அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்க்கிறார்கள்.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். நெசவாளன் வீடு குடியிருப்பு மட்டுமன்று, தொழிற்கூடமும் அதுவே. குழித்தறிக்குத் தரையில் குழி வேண்டும். ஜக்கார்டுப் பெட்டிக்குக் கூரை உயர வேண்டும். பாவின் நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும். சுவரில் ஓதம் ஏறக்கூடாது. எல்லார்க்கும் ஒரே அளவாகக் கட்டித் தரும் வீடுகளில் இவை பெரும்பாலும் அமைவதில்லை. குடிபுகுந்த நெசவாளி தறியைத் தாழ்வாரத்தில் போட்டுக்கொண்டு மழைக்கு அஞ்சுகிறார். ஒவ்வொரு வீட்டையும் வேறு வேறாக அமைப்பது இந்த இயந்திரத்திற்குச் சுமையன்று என்பதே என்னை இதன்பால் ஈர்த்தது. ஆனால், பழைய தெருவில் இது வேலை செய்யாது. ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இடத்தில், இருபுறமும் இடம் கேட்கும் இரும்புச் சட்டத்தை எங்கே நிறுத்துவது? ஒரு வீட்டுக்காக அதனைச் சுமந்து வருவதும் கட்டுபடியாகாது. ஊருக்கு வெளியே வெற்றுமனையில் ஐம்பது வீடு ஒருசேரக் கட்டும்போதுதான் அதற்கு வேலை.

கொத்தனாரும் சித்தாளும் என்னாவார்கள்? இக்கேள்வியைத் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன் கேளாமல் இருக்க முடியாது. விசைத்தறியின் போட்டியைத் தாங்கக் கைத்தறிக்கு 1985-இல் சட்டம் வந்தது. குறிப்பிட்ட வகைச் சேலை முதலியவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்கினார்கள். கரண்டிக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. இயந்திரத்தைச் சுற்றிக் கலவை பார்ப்பவர், குழாய் பார்ப்பவர், கணிப்பொறி பார்ப்பவர் என்று புதிய வேலைகள் தோன்றுகின்றன. செங்கல் சுமந்த சித்தாள் பெண்ணுக்கு அவற்றுள் எது கிடைக்கும்? பயிற்சி தராமல் ஒன்றும் கிடைக்காது. பதம் அறிந்த கைகள் அவை. கலவைப் பதம் பார்க்கும் வேலையை முதலில் அவர்களுக்குக் கற்பிக்கலாம் என்பது என் கருத்து.

நெசவாளர்க்கு இம்முறையில் வீடு கட்ட நாளை எவரேனும் வரைபடத்தோடு வந்தால், கூரை தரையிலிருந்து எத்தனை அடி என்று முதலில் கேளுங்கள். தறிக்குழியின் இடத்தைத் தளம் போடுமுன்பே குறித்துவிடச் சொல்லுங்கள். குழி தோண்டும் வேலையை அந்த மூக்கு செய்யாது.