பூனைக்கும் பரு

தானாகத் தீவனம் கொட்டும் பிளாஸ்டிக் எந்திரங்கள் நகரத்துப் பூனைகளின் பசியைத் தீர்க்கின்றன. மோவாயைக் கவனிப்பது மட்டும் மனிதர்களின் பொறுப்பாகவே இருக்கிறது.

காலை 7 மணி. வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. கூடத்து மூலையில் நிற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி லேசாக உறுமுகிறது. உள்ளே ஒரு சிறு சக்கரம் சுழல, ஒரு கைப்பிடி உலர் தீவனம் சடசடவென்று கிண்ணத்தில் விழுகிறது. அந்தச் சத்தத்துக்காகவே அரை மணி நேரமாகக் காத்திருந்த பூனை, கிண்ணத்துக்குள் முகம் புதைக்கிறது. மும்பை, தில்லி, பெங்களூர், புனே என்று கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வீடுகளில் இது பழகிப்போன காட்சி.

சில மாதங்கள் கழித்து சில வீடுகளில் இன்னொரு காட்சி. மடியில் மல்லாந்து கிடக்கும் பூனையின் மோவாயில் காபித் தூளைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். ஏதோ அழுக்கு என்று ஈரத் துணியால் துடைத்தால் போவதில்லை. நகத்தால் சுரண்டினால் பூனை சீறுகிறது. இன்னும் இரண்டு வாரம் அப்படியே விட்டால் மோவாய் சிவந்து வீங்கி, சீழ்க் கொப்புளங்கள் கிளம்புகின்றன. பூனை தீவனத்தின் அருகே போய் முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறது.

இது பருதான். பதினாறு வயதுப் பிள்ளைகளின் முகத்தில் வருகிற அதே வகை அடைப்பு. ஆனால் பூனைக்கு இதில் பருவ வயதுக் கணக்கு கிடையாது. எந்த வயதிலும், எந்த இனத்திலும், ஆண், பெண் இரண்டுக்கும் வரலாம். ஒரு முறை வந்து போவதும் உண்டு, ஆயுள் முழுக்க வந்து வந்து போவதும் உண்டு.

எண்ணெய்க் கிணறு

பூனையின் மோவாயில் எண்ணெய்ச் சுரப்பிகள் அடர்த்தியாக உள்ளன. சோபா முனையிலும் கதவு நிலையிலும் எஜமானரின் காலிலும் அது மோவாயைத் தேய்ப்பது வெறும் கொஞ்சல் அல்ல. தன் வாசனையைப் பூசி, 'இது என்னுடையது' என்று எழுதிவைக்கிறது. அந்தச் சுரப்பியின் வாயிலில் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்போது கரும்புள்ளி உருவாகிறது. அடைப்புக்குள் கிருமிகள் பெருகினால் கொப்புளம். அது உள்ளுக்குள்ளேயே வெடித்தால் புண், வலி, வீக்கம்.

உடம்பெல்லாம் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பூனைக்கு எட்டாத இடம் மோவாயின் அடிப்புறம். நாக்கு அங்கே வளையாது. முன்னங்காலை நனைத்துத் துடைத்துக்கொள்வதோடு சரி. ஆகவே அங்கே ஒட்டுவது அங்கேயே தங்குகிறது. தட்டையான முகம் கொண்ட பெர்ஷியன் பூனைக்கு இன்னும் கஷ்டம். மூக்கு முன்னால் நீளாததால் மோவாயையே கரண்டியாக்கித் தீவனத்தை அள்ள வேண்டியிருக்கிறது.

2006இல் கால்நடைத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், இந்தப் பிரச்னை உள்ள 22 பூனைகளைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பூனைகளின் மோவாயில் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியா இருந்தது. சிலவற்றில் மலாசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையும் இருந்தது. கிருமிதான் ஆரம்பம் என்று சொல்லிவிட முடியாது. அடைப்பு முதலில், கிருமி பிறகு என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து. அடைப்பு ஏன் வருகிறது என்பதற்கு ஒரே பதில் இல்லை. மன உளைச்சல், ஒவ்வாமை, சரியாகச் சுத்தம் செய்துகொள்ளாமை, வேறு நோய் என்று பட்டியல் நீள்கிறது.

சந்தேகத்துக்கு உரிய கிண்ணம்

அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் கிண்ணமும் உண்டு. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. எவர்சில்வரில் சாப்பிடும் பூனைக்கும் பரு வருகிறது. பிளாஸ்டிக்கில் சாப்பிட்டே காலம் தள்ளும் பூனைகளும் உண்டு. ஆனாலும் பரு என்று போனால், கால்நடை மருத்துவர் முதலில் கிண்ணம் எதனால் ஆனது என்றுதான் கேட்பார். காரணம் எளிது. பிளாஸ்டிக் சீக்கிரம் கீறல் விழுகிற பொருள். பல்லும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போடுகிற நுண்ணிய கீறல்களில் கொழுப்பும் கிருமியும் பதுங்கிக்கொள்கின்றன. சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிளாஸ்டிக் டப்பாவில் எண்ணெய்ப் பிசுக்கு முழுதாகப் போகாது என்பது ஊறுகாய் டப்பா கழுவிய எவருக்கும் தெரியும். சில பூனைகளுக்குப் பிளாஸ்டிக் மீதே ஒவ்வாமை இருக்கலாம் என்ற ஐயமும் இருக்கிறது.

எந்திரம் இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. சாதாரணக் கிண்ணம் என்றால் ஒவ்வொரு வேளையும் கையில் எடுக்க வேண்டும், கண்ணில் படும், கழுவத் தோன்றும். எந்திரமோ தானே நிரப்பிக்கொள்கிறது. மேல் தொட்டியில் ஒரு வாரத் தீவனம் கிடக்கும்போது கீழே கிண்ணம் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. பழைய துகள் மீது புதிய தீவனம், அதன் மீது பூனையின் எச்சில். உலர் தீவனம் பெயரில்தான் உலர்ந்தது. சுவைக்காக அதன் மேல் கொழுப்பு தெளிக்கப்பட்டிருக்கும். சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடலோரப் புழுக்கத்தில் அந்தக் கொழுப்பு சீக்கிரம் காறிப்போகிறது.

அமைப்பும் ஒரு காரணம். பல எந்திரங்களில் தீவனம் விழும் வாய்க்கு நேர் கீழே, பெட்டியோடு ஒட்டியபடி கிண்ணம் இருக்கும். ஆழமான, குறுகலான கிண்ணமானால் கடைசித் துணுக்கை எடுக்க பூனை மோவாயை விளிம்பில் அழுத்தியே தீரவேண்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை இந்த உராய்வு நடக்கிறது.

எவர்சில்வர் வைத்தியம்

எந்திரத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தீவனம் விழும் இடத்தை மாற்றினால் போதும். இப்போது சில எந்திரங்கள் எவர்சில்வர் தட்டோடு வருகின்றன. அது இல்லாவிட்டால், பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு அகலமான, ஆழமில்லாத எவர்சில்வர் தட்டை வைக்கலாம். கண்ணாடியும் வழவழப்பான பீங்கானும்கூட நல்லவைதான். பீங்கானில் விரிசலோ பொக்கையோ இருக்கக் கூடாது. மோவாய் விளிம்பில் இடிக்காமல் நாக்கு தீவனத்தைத் தொட முடிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் இதே விதி. ஊற்றுப் போலத் தண்ணீர் சுரக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளில் படியும் வழவழப்பு, கிருமிகள் கட்டிய படலம்தான்.

தட்டு இரண்டு இருந்தால் வேலை சுலபம். ஒன்று எந்திரத்தின் கீழே, ஒன்று கழுவிக் காய்ந்தபடி. தினமும் ஒரு முறை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, உலர்த்தி மாற்ற வேண்டும். கழுவாத எவர்சில்வரால் பிளாஸ்டிக்கைவிடப் பெரிய நன்மை எதுவும் கிடையாது. தொட்டி காலியாகும்போதெல்லாம் அதையும், தீவனம் வழுக்கி விழும் குழாயையும் கழற்றிக் கழுவ வேண்டும். மோட்டார் உள்ள அடிப்பாகத்தைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத் துணியால் துடைக்கலாம். ஈரம் முழுதாகக் காயாமல் தீவனம் போட்டால் பூஞ்சைக்கு விருந்து வைத்தது போல. பழைய மிச்சத்தின் மேலேயே புதுத் தீவனத்தைக் கொட்டுவதும் கூடாது.

எவர்சில்வரில் தீவனம் விழும் சத்தத்துக்குச் சில பூனைகள் மிரளும். தட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் சத்தம் குறையும். முதல் சில நாள் தட்டை எந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கையால் தீவனம் போட்டால் பழகிவிடும். ஈர உணவு தரும் வீடுகளில், சாப்பிட்டு முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மோவாயை ஒற்றி எடுத்து உலர்த்தலாம்.

விபரீதம் வீட்டுக்குள்ளே

கரும்புள்ளியைப் பார்த்ததும் பிதுக்கத் தோன்றும். பிதுக்கினால் அடைப்பு உள்ளே வெடிக்கும். அடுத்து கை போகும் இடம் குளியலறை அலமாரி. ஆபத்து அங்கேதான். பீனால் வகைக் கிருமிநாசினிகளை உடலிலிருந்து அகற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மனிதப் புண்ணுக்கு ஆகிற நாற்றமடிக்கும் கிருமிநாசினி திரவங்கள் பலவும் பூனைக்கு விஷம். 'இயற்கையானது' என்று விற்கும் டீ ட்ரீ எண்ணெயும் அப்படியே. சாலிசிலிக் அமிலம் கலந்த பருக் களிம்பை மோவாயில் தடவினால், பூனை அதை முன்னங்காலால் துடைத்து, காலை நக்கி, விழுங்கிவிடும். மனிதர்கள் பயன்படுத்தும் வீரியத்தில் பென்சாயில் பெராக்சைடு பூனைத் தோலை எரித்துவிடும். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசுவது, எண்ணெய் அடைப்புக்கு மேலும் எண்ணெய் ஊற்றுவது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்பு இன்னொரு பொறி. சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்பு விற்பதைத் தடுக்க மத்திய அரசு 2018இல் விதியை இறுக்கியது. மனிதத் தோலில் அது செய்த கேடுதான் காரணம். பூனையின் மோவாயில் இருப்பது பரு அல்லாமல் படர்தாமரையாக இருந்தால் ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். பெர்ஷியன் பூனைகளிடம் சகஜமான இந்தப் பூஞ்சை, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றும்.

தெள்ளுப்பூச்சியின் எச்சமும் கரும்புள்ளி போலத்தான் இருக்கும். அதை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்தால் செந்நிறம் கசியும். உண்ணி வகை நுண்பூச்சிகள், ஒவ்வாமைக் கட்டிகள் என்று பருவைப் போல நடிப்பவை இன்னும் உண்டு. வெறும் கரும்புள்ளி மட்டும் இருந்து, பூனை வழக்கம் போலச் சாப்பிட்டால், தட்டை மாற்றிச் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம். சிவப்பு, வீக்கம், சீழ், ரத்தம், முடி கொட்டுதல், இவற்றில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவர்தான் கதி. மோவாயைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பல சந்தேகங்கள் தீரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம், உணவை மறுப்பது. வலியால் இரண்டு, மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதிலும் குண்டுப் பூனையாக இருந்தால், ஈரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எந்திரம் வேளை தவறாமல் கொட்டிக்கொண்டுதான் இருக்கும். பூனை தின்றதா என்று அது பார்ப்பதில்லை.

அதைப் பார்க்க மாலையில் வீடு திரும்புகிறவர் ஒரு நிமிடம் செலவிட்டால் போதும். தட்டை எடுத்துக் கழுவுவது, அப்படியே மோவாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது. எவர்சில்வர் தட்டுக்கு இந்திய வீட்டில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.